அனுப்புநர் யார்?

விசிட்டிங் கார்டில் நிறுவனத்தின் பெயர் தங்க எழுத்தில் புடைத்து நிற்கும். கீழே முகவரி, இரண்டு கைபேசி எண்கள், கடைசி வரியில் ஒரு ஜிமெயில் முகவரி. நிறுவனப் பெயரை வேறு யாரோ முன்பே எடுத்துக்கொண்டதால் அதன் வாலில் ஒரு 77 ஒட்டியிருக்கும். உள்ளூர் வியாபாரத்துக்கு இது தாராளமாகப் போதும். வெளிநாட்டு பையர் ஒருவர் ஆர்டர் தரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இன்வாய்ஸும் பணம் போடவேண்டிய வங்கிக் கணக்கு எண்ணும் அந்த முகவரியிலிருந்துதான் போகின்றன. 77ஐ 78 ஆக்கி அதே பெயரில் இன்னொரு கணக்கு தொடங்க எவருக்கும் இரண்டு நிமிடம் போதும். வித்தியாசத்தை பையர் கவனிப்பார் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

ஆகவே சொந்த டொமைனில் மின்னஞ்சல். திருப்பூரில் 15 பேர் வேலை செய்யும் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம்: முதலாளி, நாலைந்து மெர்ச்சண்டைசர்கள், கணக்குப் பிரிவு, ஷிப்பிங், மிச்சப் பேர் ஃபேக்டரியில். கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஸோஹோ இவற்றில் எதை எடுத்தாலும் தலைக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம். எது நல்லது என்று வாரக்கணக்கில் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது வீண்வேலை என்பது என் எண்ணம். பையர்கள் மேக்ரோ வைத்த எக்செல் கோப்புகளையே அனுப்புகிறார்கள் என்றால் மைக்ரோசாஃப்ட். மற்றபடி அலுவலகத்தில் பெரும்பாலோர் கைக்கு எது பழக்கமோ அது. பெயர்களைப் பதிவுசெய்தால் கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் இன்பாக்ஸ் தயார்.

அதற்கப்புறம் திரையில் ஒரு பக்கம் வரும். கீழ்க்காணும் நான்கு வரிகளை உங்கள் டிஎன்எஸ் பதிவில் சேருங்கள் என்று அது சொல்லும்: எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க். பெரும்பாலான அலுவலகங்களில் இந்த இடத்தில் வெப்சைட் செய்துகொடுத்த தம்பியை போனில் பிடிப்பார்கள். அவர் முதல் வரியை ஒட்டிவிட்டு “அண்ணா, மெயில் வருதான்னு பாருங்க” என்பார். வரும். மீதி மூன்று வரிகளும் அநாதையாகிவிடும். முழு விஷயமும் அந்த மூன்றில்தான் இருக்கிறது.

எம்எக்ஸ் எளிது. உங்கள் டொமைனுக்கு வரும் கடிதங்களை எந்த சர்வர் வாங்கிக்கொள்ளும் என்று ஊருக்குச் சொல்வது அது. 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ், உலகமெங்கும் பிரித்து வைக்கப்பட்ட ஒரு பெயர்ப் பதிவேடு. அதில் எம்எக்ஸ் வரி 1986இல் நுழைந்தது. அதன்பின் பெயர் வேறு, பெட்டி இருக்கும் இடம் வேறு என்றானது. 2025இல் மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஸோஹோவின் தளத்துக்கு மாறியது. முகவரிகளின் வால் ‘ஜிஓவி.இன்’, ‘என்ஐசி.இன்’ என்றே தொடர்ந்தது. பின்னால் இருந்த இயந்திரம்தான் வேறு. நாளைக்கு நம் 15 பேரும் சேவையை மாற்றினாலும் விசிட்டிங் கார்டை மறுபடி அச்சடிக்க வேண்டாம்.

மாற்றும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. டிஎன்எஸ் வரி ஒவ்வொன்றிலும் ‘டிடிஎல்’ என்று நொடிக் கணக்கு ஒன்று இருக்கும். ஒருமுறை விசாரித்துப் போன சர்வர் அத்தனை நொடிகளுக்குத் திரும்ப விசாரிக்காது. அது 86,400 என்றிருந்தால் ஒரு முழுநாள் பழைய விலாசத்துக்கே கடிதம் போய்க்கொண்டிருக்கும். ஆகவே இரண்டு நாள் முன்பே அதை 300 ஆகக் குறைத்துவிட்டு, சனிக்கிழமை மாலையில் மாற்றுவார்கள் விவரம் தெரிந்தவர்கள். பழைய சேவையை அன்றைக்கே மூடவும் மாட்டார்கள்.

இனி அந்த மூன்று வரிகள். அவை ஏன் வந்தன என்று புரிய, மின்னஞ்சல் பிறந்த இடத்துக்குப் போகவேண்டும். 1971இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில், பிபிஎன் நிறுவனத்தில் ரே டாம்லின்சன் ஆர்ப்பாநெட் வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க @ குறியை அவர்தான் தேர்ந்தெடுத்தார். (மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர் என்ற செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் வலம் வரும். சிவா அய்யாதுரை 1978இல் நியூஜெர்சியில் பள்ளி மாணவராக இருந்தபோது ஒரு மருத்துவக் கல்லூரிக்காக ‘இமெயில்’ என்ற பெயரிலேயே மென்பொருள் எழுதியதும், 1982இல் அதற்குப் பதிப்புரிமை பெற்றதும் உண்மை. கணினிக்குக் கணினி கடிதம் போகத் தொடங்கி அதற்குள் ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதும் உண்மை.) 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி என்ற நெறிமுறை, கடிதம் கைமாறும் முறையை வகுத்தது. அன்றைக்கு அந்த வலையில் இருந்தவை சில நூறு கணினிகள். பல்கலைக்கழகங்கள், ஆய்வகங்கள், ராணுவம். பொய் சொல்லி யாருக்கும் லாபமில்லை.

எஸ்எம்டிபி உரையாடல் இன்றும் ஏறத்தாழ அப்படியேதான் நடக்கிறது. அனுப்பும் சர்வர், பெறும் சர்வரின் 25ஆம் எண் வாசலைத் தட்டும். பெறுவது ‘220’ என்னும். தயார் என்று பொருள். அனுப்புவது ‘ஹெலோ’ சொல்லித் தன் பெயரைச் சொல்லும். ‘250’, சரி. ‘மெயில் ஃப்ரம்’ என்று ஒரு முகவரி. ‘250’. ‘ஆர்சிபிடி டூ’ என்று பெறுநர் முகவரி. ‘250’. ‘டேட்டா’ என்றதும் ‘354’, அதாவது கொட்டு, வாங்கிக்கொள்கிறேன். பிறகு கடிதம் முழுதும் வரும்; தனி வரியில் ஒற்றைப் புள்ளி வைத்தால் முடிந்தது. மறுபடி ‘250’. ‘குவிட்’, ‘221’, இருவரும் போனை வைத்துவிடுவார்கள்.

இந்த உரையாடலில் எந்த இடத்திலும் “நீ சொல்லும் ஆள் நீதானா?” என்ற கேள்வி இல்லை. இன்னொரு விநோதமும் உண்டு. ‘மெயில் ஃப்ரம்’ என்று சொன்ன முகவரி தபால் உறையின் மேல் எழுதியது போன்றது. உறையைத் தபால்காரர் பார்ப்பார், வாசிப்பவர் பார்ப்பதில்லை. ‘டேட்டா’வுக்குள் கடிதத்தின் தலைப்பில் இன்னொரு ‘ஃப்ரம்’ இருக்கிறது. உங்கள் திரையில் அனுப்புநர் என்று தெரிவது இதுதான். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று நெறிமுறை கேட்பதில்லை. உறையில் ஒரு பெயர், உள்ளே வங்கி மேலாளர் பெயர் என்று போட்டாலும் அது ‘250’ என்றே சொல்லும்.

எஸ்பிஎஃப் உறையைச் சோதிக்கிறது. என் டொமைனின் பெயரில் கடிதம் அனுப்ப இன்னின்ன சர்வர்களுக்குத்தான் அனுமதி என்று நீங்கள் டிஎன்எஸ்-இல் பட்டியல் எழுதிவைக்கிறீர்கள். பெறுபவர், வந்த சர்வரின் ஐபி எண் அந்தப் பட்டியலில் உண்டா என்று பார்க்கிறார். யோசனை எளிது, சறுக்குகிற இடங்கள் இரண்டு. ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். பழைய ஹோஸ்டிங் நிறுவனத்தின் வரி இருக்கும்போதே புதிய சேவையின் வரியையும் தனியாகச் சேர்த்தால், பெறுபவர் இரண்டையும் பார்த்துக் குழம்பி, பிழை என்று முடிவு கட்டிவிடுவார். எல்லாம் ஒழுங்காகத்தானே சேர்த்தோம், ஏன் ஸ்பாமில் விழுகிறது என்று கேட்கும் அலுவலகங்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். இரண்டு அனுமதிகளையும் ஒரே வரிக்குள் சேர்த்து எழுதவேண்டும். இரண்டாவது, அந்தப் பட்டியலைப் படித்து முடிக்க 10 முறைக்கு மேல் டிஎன்எஸ் விசாரணை தேவைப்படக்கூடாது என்று வரம்பு இருக்கிறது. பில் அனுப்பும் மென்பொருள், செய்தி மடல் சேவை, சம்பளப் பட்டியல் சேவை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க இந்த வரம்பு ஓசையில்லாமல் தாண்டிப்போகும்.

எஸ்பிஎஃப் தோற்கும் இடம் ஃபார்வர்ட். பையர் தன் பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைத் தானாகப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தால், கடைசியாகக் கதவைத் தட்டுவது அவருடைய சர்வர். அது உங்கள் பட்டியலில் இருக்காது. யார் கொண்டுவந்தாலும் செல்லக்கூடிய அத்தாட்சி கடிதத்திலேயே இருக்கவேண்டும். அதுதான் டிகேஐஎம்.

இங்கே கணிதம் வருகிறது. 1977இல் எம்ஐடியில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்எஸ்ஏ முறையின் சாரம் இது: இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது நொடி வேலை, பெருக்குத்தொகையை மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் கண்டுபிடி என்றால் மலைப்பு. இன்று வழக்கமான 2048 பிட் சாவியில் அந்தப் பெருக்குத்தொகை 617 இலக்கம் நீளமானது. கடிதம் புறப்படும்போது உங்கள் சேவையின் சர்வர், உடலையும் ஃப்ரம், சப்ஜெக்ட், தேதி போன்ற தலைப்பு வரிகளையும் அரைத்து ஒரு சிறு சுருக்க எண் எடுக்கும். அதை ரகசியச் சாவியால் முத்திரையிட்டுக் கடிதத்தின் தலைப்பிலேயே ஒட்டிவிடும். ரகசியச் சாவியின் ஜோடியான பொதுச் சாவி உங்கள் டிஎன்எஸ்-இல் ஊரறிய இருக்கிறது. பெறுபவர் அதை எடுத்து முத்திரையைச் சரிபார்ப்பார். வழியில் யாராவது கணக்கு எண்ணில் ஓர் இலக்கத்தைத் திருத்தியிருந்தாலும் சுருக்க எண் தலைகீழாக மாறி, முத்திரை பொருந்தாது.

சாவியின் நீளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2012இல் ஒரு கதை வெளிவந்தது. ஜக்காரி ஹாரிஸ் என்ற கணிதவியலாளருக்கு கூகுளிலிருந்து வேலைக்கு அழைப்பு விடுத்து ஒரு மெயில் வந்தது. தமக்குச் சம்பந்தமில்லாத வேலையாக இருக்கவே, போலியோ என்று அதன் தலைப்பைப் பிரித்துப் பார்த்தார். முத்திரைச் சாவி வெறும் 512 பிட். கூகுள் இப்படிச் செய்யாது, திறமையைச் சோதிக்கும் புதிர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அமேசானின் வாடகைக் கணினிகளை எடுத்தார். சுமார் 75 டாலர் செலவில், மூன்று நாளில் அந்தச் சாவி உடைந்தது. கூகுளின் நிறுவனர்களான செர்கே பிரின், லாரி பேஜ் இருவரில் ஒருவர் மற்றவருக்கு எழுதியதுபோல் முறையான முத்திரையோடு கடிதம் அனுப்பினார். பதில் வரவில்லை. இரண்டொரு நாளில் கூகுளின் சாவி மட்டும் சத்தமில்லாமல் 2048 பிட் ஆகியிருந்தது.

நம் ஊர்ப் பிரச்சினை அவ்வளவு சுவாரசியமானதல்ல. 2048 பிட் பொதுச் சாவியை எழுத்தாக்கினால் 390க்கும் மேற்பட்ட எழுத்துகள் வரும். டிஎன்எஸ்-இன் எழுத்து வரி ஒரு துண்டுக்கு 255 எழுத்துக்கு மேல் தாங்காது. இரண்டு துண்டாக, தனித்தனி மேற்கோள் குறிக்குள் போடவேண்டும். சில ஹோஸ்டிங் நிறுவனங்களின் பக்கங்கள் தாமாகவே பிரித்துக்கொள்ளும். சில, 255க்கு அப்பால் இருப்பதை ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெட்டிவிடும். வெட்டுப்பட்ட சாவியால் எந்த முத்திரையும் பொருந்தாது. ஒட்டிய பிறகு ஒரு சோதனைக் கடிதத்தை ஜிமெயிலுக்கு அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் மூலக் கடிதத்தைக் காட்டும்படி கேட்டால், எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் நேரே ‘பாஸ்’ உண்டா இல்லையா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் இருந்தாலும் ஒரு சந்து பாக்கி. மோசடிக்காரர் தன் சொந்த டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் எல்லாம் ஒழுங்காக வைத்துக்கொண்டு, திரையில் தெரியும் ஃப்ரம் இடத்தில் மட்டும் உங்கள் முகவரியைப் போடலாம். உறை சுத்தம், முத்திரை சுத்தம், ஆனால் எல்லாம் அவருடையது. 2012இல் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ, பேபால் போன்றவை சேர்ந்து அறிவித்த டிமார்க் இந்தச் சந்தை அடைக்கிறது: வாசிப்பவர் கண்ணில் படும் ஃப்ரம் டொமைனும், எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் தேறிய டொமைனும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையென்றால் என்ன செய்யலாம் என்பதையும் நீங்களே எழுதிவைக்கலாம்: சும்மா விடு, ஸ்பாமில் தள்ளு, வாசலிலேயே திருப்பி அனுப்பு.

நேராக மூன்றாவதை எழுதுவது அவசரக்காரர் வேலை. முதலில் ‘சும்மா விடு’ என்று வைத்து, அறிக்கைகள் வர ஒரு முகவரியும் கொடுத்துவிட்டுச் சில வாரம் காத்திருக்கவேண்டும். உங்கள் பெயரில் எந்தெந்த ஐபி எண்களிலிருந்து எத்தனை கடிதங்கள் வந்தன என்று பெரிய சேவைகள் தினமும் அறிக்கை அனுப்பும். அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும், கணக்குப் பிரிவு எப்போதோ இணைத்த பில்லிங் மென்பொருள் ஒன்று உங்கள் பெயரில் முத்திரை இல்லாமல் இன்வாய்ஸ் அனுப்பிக்கொண்டிருப்பது. அதைச் சரிசெய்துவிட்டு அடுத்த படிக்கு ஏறலாம். இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தானே என்ற சமாதானமும் இப்போது செல்லாது. 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம்; மற்றவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் இவற்றில் ஒன்றாவது வேண்டும்.

இதற்கு மேலும் இந்த வரிகளால் தடுக்கமுடியாத ஒன்று உண்டு. லிதுவேனியாக்காரர் ஒருவர் 2013க்கும் 2015க்கும் இடையில் கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 10 கோடி டாலருக்கு மேல் கறந்தார். அந்த இரு நிறுவனங்களுக்கும் கணினிக் கருவிகள் செய்துதந்த தைவான் நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு நிறுவனம் பதிவுசெய்து, போலி இன்வாய்ஸ்களை மெயிலில் அனுப்பினார். பணம் வந்துகொண்டே இருந்தது. 2019இல் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டு சிறை விதித்தது. வணிக மின்னஞ்சல் மோசடியால் 2023இல் மட்டும் 290 கோடி டாலர் பறிபோனதாக அமெரிக்காவின் எஃப்பிஐ-யிடம் புகார்கள் பதிவாயின. உங்கள் டொமைனில் ஓர் எழுத்தை மாற்றிப் புதிய டொமைன் வாங்குபவர், அந்தப் புதிய டொமைனுக்கு மூன்று வரிகளையும் ஒழுங்காகவே எழுதிக்கொள்வார். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று எந்த மெயில் வந்தாலும், அந்த மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு முன்பே கையில் இருக்கும் எண்ணுக்கு போன் போட்டுக் கேட்கவேண்டும். இதை ஆர்டர் பேசும்போதே பையரிடம் சொல்லிவைப்பவர்கள் புத்திசாலிகள்.

வெளியிலிருந்து வருபவரைப் பற்றிய கேள்வி இவ்வளவு. உள்ளே இருப்பவர் யார் என்ற கேள்வி இன்னும் சங்கடமானது. ‘அக்கவுண்ட்ஸ்’ என்ற ஒரே முகவரி, ஒரே பாஸ்வேர்ட், அதைத் தெரிந்தவர் ஐந்து பேர். பாஸ்வேர்ட் மானிட்டரின் ஓரத்தில் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். ஓடிபி வருவது இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப்போன ஒருவரின் கைபேசிக்கு. தலைக்கு இவ்வளவு என்ற கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை இது. செலவில்லாத வழியே இருக்கிறது: ஆளுக்கொரு கணக்கு மட்டும் வாங்கி, ‘அக்கவுண்ட்ஸ்’, ‘ஷிப்பிங்’ போன்றவற்றைக் குழு முகவரிகளாக வைத்தால் போதும்; அவற்றுக்குத் தனிக் கட்டணமும் பாஸ்வேர்டும் கிடையாது. ஒருவர் விலகினால் குழுவிலிருந்து பெயரை எடுத்தால் ஆயிற்று.

இரண்டாவது அத்தாட்சிக்கு எஸ்எம்எஸ்-ஐவிட ஆத்தென்டிகேட்டர் செயலி மேல். முதல் நாள் நீங்கள் படம் பிடிக்கும் க்யூஆர் கட்டத்துக்குள் ஒரு ரகசிய எண் இருக்கிறது. அது சர்வரிடமும் உங்கள் கைபேசியிலும் மட்டும் இருக்கும். 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை இரண்டு பக்கமும் 30ஆல் வகுத்து, வரும் எண்ணையும் ரகசியத்தையும் சேர்த்து அரைத்து ஆறு இலக்கம் எடுக்கின்றன. கைபேசி யாரோடும் பேசாமலேயே, சிக்னல் இல்லாத பேஸ்மென்ட்டிலும் சரியான எண்ணைக் காட்டுவது இதனால்தான். கைபேசியின் கடிகாரம் சில நிமிடம் தவறினால் எண்ணும் தவறும். ஆனால் போலித் தளத்தில் அந்த ஆறு இலக்கத்தை நீங்களே தட்டிக்கொடுத்துவிட்டால் செயலியாலும் காப்பாற்ற முடியாது. யுஎஸ்பி பாதுகாப்புச் சாவியும் பாஸ்கீயும் அதையும் தாங்கும். பிரவுசர் நிற்கும் டொமைன் எதுவோ அதற்கான பதிலைத்தான் அவை தரும். கண் ஏமாந்தாலும் அவை ஏமாறா. 2017இன் தொடக்கத்தில் 85,000க்கும் மேற்பட்ட தன் ஊழியர்களுக்கு இந்தச் சாவிகளைக் கட்டாயமாக்கியபின் ஒருவரது பணிக் கணக்குகூட ஃபிஷிங்கில் பறிபோகவில்லை என்று அடுத்த ஆண்டு கூகுள் சொன்னது. 15 பேருக்கும் வாங்கமுடியாவிட்டாலும் முதலாளி, கணக்குப் பிரிவு, அட்மின் கணக்கு வைத்திருப்பவர் ஆகியோருக்கு நான் கட்டாயம் வாங்கச் சொல்வேன்.

மெயில் ஓய்ந்தது. அடுத்து கோப்புகள். “ஃபைனல்”, “ஃபைனல் 2”, “ஃபைனல் புதுசு” என்று பேக்கிங் லிஸ்ட் மெயிலில் அலைந்துகொண்டிருந்த காலத்தை மேகக் கோப்புகள் முடித்துவைத்தன. ஒரே கோப்பு, எல்லோரும் அதிலேயே திருத்தலாம். இருவர் ஒரே நேரத்தில் தட்டினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. யோசிக்கத் தேவைப்படாததே அதன் பின்னால் இருக்கும் கணினி அறிவியலின் வெற்றி.

கோப்பில் ‘கருப்பு 400’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அலுவலகத்திலிருக்கும் மெர்ச்சண்டைசர் அதன் முன்னால் ‘அடர்’ என்று சேர்க்கிறார். அதே கணத்தில் ஃபேக்டரியில் இருப்பவர் 4ஐ அழித்து 6 ஆக்குகிறார். கணினி ஒவ்வொரு திருத்தத்தையும் இத்தனையாவது இடத்தில் இதைச் செய் என்றே குறித்துக்கொள்ளும். தமிழில் உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் அது தனித்தனி இடமாக எண்ணும். க, ர, உகரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி, இடைவெளி என்று எட்டு போக, 4 இருப்பது ஒன்பதாம் இடம். ஃபேக்டரியின் கட்டளை: ஒன்பதாம் இடத்தில் 6 போடு. இந்தக் கட்டளை அலுவலகக் கணினிக்கு வந்துசேர்வதற்குள் அங்கே முன்னால் ஐந்து இடங்கள் கூடிவிட்டன: அ, ட, ர, புள்ளி, இடைவெளி. இப்போது அங்கே ஒன்பதாம் இடத்தில் இருப்பது ‘கருப்பு’வின் முதல் ‘ப’. கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் கருப்பின் நடுவில் ஒரு 6 முளைக்கும். 400 அப்படியே நிற்கும். இரண்டு திரைகளிலும் வேறு வேறு கோப்புகள்.

இதற்கான தீர்வை 1989இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் கிளாரன்ஸ் எல்லிஸும் சைமன் கிப்ஸும் எழுதினார்கள். (எல்லிஸ், அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர், 1969இல், இல்லினாய் பல்கலைக்கழகத்தில்.) வெளியிலிருந்து வரும் கட்டளையை நிறைவேற்றும் முன், அதற்குள் இங்கே நடந்துவிட்ட மாற்றங்களுக்கு ஏற்ப அதைத் திருத்திக்கொள்வது அவர்கள் வழி. முன்னால் ஐந்து இடம் கூடியிருக்கிறது, ஆகவே ஒன்பது பதினான்காகட்டும். இரண்டு பக்கமும் ‘அடர் கருப்பு 600’ என்றே முடியும். கேட்க எளிது. மூன்று பேர், நான்கு பேர், பல கட்டளைகள் குறுக்கும்நெடுக்குமாக வரும்போது அந்த முதல் வழிமுறை சில நேரம் பிசகியதைப் பிறகு மற்றவர்கள் காட்டினார்கள். 1995இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில், எல்லோருடைய கட்டளைகளையும் நடுவில் ஒரு சர்வர் வாங்கி வரிசைப்படுத்தும் முறை வந்தபின் சிக்கல் குறைந்தது. கூகுள் டாக்ஸ் 2010இல் எழுத்துக்கு எழுத்து உடனுக்குடன் காட்டத் தொடங்கியது இந்த மரபில்தான். ஃபேக்டரியில் நெட் போய் அரைமணி கழித்து வந்தாலும், அந்த அரைமணித் திருத்தங்கள் இப்படியே இடம் மாற்றிக் கோத்துக்கொள்ளப்படும். இருவரும் அதே 4ஐ, ஒருவர் 6 என்றும் மற்றவர் 5 என்றும் திருத்தினால் எது சரி என்று எந்தக் கணிதமும் சொல்லாது. அதற்குப் பழைய வடிவங்களின் வரலாறு இருக்கிறது. யார், எத்தனை மணிக்கு மாற்றினார் என்று அதில் பெயரோடு வரும்.

மேகத்தில் இருக்கிறது, எனவே பத்திரம் என்பதில் பாதிதான் உண்மை. கூகுள் 2003இல் வெளியிட்ட தன் கோப்பு அமைப்பின் விளக்கப்படி ஒவ்வொரு துண்டும் வழக்கமாக மூன்று பிரதிகளாக வெவ்வேறு இயந்திரங்களில் இருக்கும். வட்டு ஒன்று எரிந்தால் கவலையில்லை. ஆனால் ‘அழி’ என்ற கட்டளையும் மூன்று பிரதிகளுக்கும் விசுவாசமாகப் போய்ச்சேரும். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதம் பேரின் பெட்டிகள் திடீரென்று காலியாயின. வெவ்வேறு தரவு மையங்களில் இருந்த பிரதிகளையும் பிழை தொட்டிருந்தது. கடைசியில் கூகுள் அவற்றை மீட்டது காந்த நாடாவிலிருந்து; வலையோடு இணையாமல் தனியாகக் கிடந்ததால் அதைப் பிழை தொடவில்லை. கூகுள் டிரைவில் அழித்த கோப்பு குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். அதன்பின் நிறுவன அட்மினுக்கு மேலும் 25 நாள் அவகாசம். ஏற்றுமதிக் கணக்கு தணிக்கைக்கு வருவதோ ஆண்டுகள் கழித்து. மாதம் ஒருமுறை தனி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைப்பது பழைய பாணிதான்; 2011இல் கூகுளுக்கே அதுதான் கைகொடுத்தது.

கோப்பு யாருக்குச் சொந்தம் என்பதையும் முதல் நாளே பார்க்கவேண்டும். மெர்ச்சண்டைசர் தன் சொந்த ஜிமெயிலில் உருவாக்கி அலுவலகத்துக்குப் பகிர்ந்த கோப்பு, அவர் போகும்போது அவரோடு போகும். நிறுவனத்தின் பொது டிரைவில் உருவாக்கினால் உரிமை நிறுவனத்துடையது. பழைய மெயில்களின் கதையும் இதேதான். பிஓபி முறையில் இயங்கிய பழைய அவுட்லுக், சர்வரிலிருந்து மெயில்களை இறக்கிக்கொண்டு அங்கே அழித்துவிடும்படி வைக்கப்பட்டிருக்கும். பத்தாண்டு வியாபாரம் ஓர் ஓரத்துக் கணினியின் பிஎஸ்டி கோப்பு ஒன்றில் தூசியோடு கிடக்கும். புதிய சேவைக்கு மாறும் வாரத்தில், முதலில் அந்தக் கணினியைக் கண்டுபிடித்து அதன் கோப்பை மேலேற்றவேண்டும்.

எல்லாம் முடிந்தபின் பார்க்கவேண்டியது, டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது. எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் நான்கும் அந்தப் பதிவின்மேல்தான் நிற்கின்றன. அது வெப்சைட் தம்பியின் சொந்தக் கணக்கில் இருந்தால், அவர் நல்லவராகவே இருந்தாலும், சட்டப்படியும் இயந்திரப்படியும் உங்கள் நிறுவனத்தின் அடையாளம் அவருடையது. புதுப்பிக்க மறந்தாலும் அதே கதி. ‘.காம்’ டொமைன் ஒன்று காலாவதியானால், பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரம் அவகாசம், அபராதக் கட்டணத்தோடு மீட்க 30 நாள், அதன்பின் 5 நாள். பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்குபவர் நான்கு வரிகளையும் தன் சர்வருக்கு எழுதிக்கொள்வார்; உங்கள் பையரின் அடுத்த மெயில் அவருக்கு வரும், அவர் எழுதும் பதிலில் முத்திரை பிசகாமல் பொருந்தும்.

1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்டே தன் ‘பாஸ்போர்ட்.காம்’ டொமைனைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயிலுக்குள் நுழைய அந்த டொமைன்தான் வழி. உள்ளே போகமுடியாமல் தவித்த பயனர்களில் ஒருவர், லினக்ஸ் நிரலாளர், காரணத்தைக் கண்டுபிடித்துத் தன் கிரெடிட் கார்டில் 35 டாலர் கட்டிப் புதுப்பித்துக்கொடுத்தார். ஆகவே டொமைனை நிறுவனத்தின் பெயரில் பதிவுசெய்து, பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டி, தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவைக்கலாம். நினைவூட்டல் வரும் முகவரியை மட்டும் அதே டொமைனில் வைக்கவேண்டாம். டொமைன் நின்றுபோன அன்று, நின்றுபோன செய்தியும் அந்தப் பெட்டிக்கு வராது.